மேஸ்திரியும் மாஸ்டரும்: ஒரு மலை, நான்கு கட்டடக் கலைஞர்கள்

வண்டிப்பெரியாரிலிருந்து கோட்டயம் செல்லும் சாலையில் பாம்பனார், பீருமேடு, குட்டிக்கானம் என்று தேயிலைச் சரிவுகள் தொடர்கின்றன. குட்டிக்கானத்தில் பிரியும் கிளைச்சாலை ஏலப்பாறை வழியாக வாகமண்ணை அடைகிறது. 1963இல் அந்தப் புல்மேட்டில் ஒரு மருத்துவரும் அவருடைய கணவரும் வந்து குடியேறினர். இடுக்கி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை; அது உருவானது 1972 ஜனவரி 26இல்தான். பீருமேடு வட்டம் அன்று கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வந்தவர்கள் மலைவாசிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் மருத்துவம் செய்யும் நோக்கத்துடன் வந்தனர். மருத்துவர் எலிசபெத் ஜேக்கப் கேரளத்தவர். கணவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர். அவர் பெயர் லாரி பேக்கர். அப்போது அவருக்கு வயது 46.

இந்த வயதைக் கவனிக்க வேண்டும். இன்று கட்டடக் கலைக் கல்லூரிகளில் பேக்கரைப் பற்றிப் பாடம் நடத்துவோர் பெரும்பாலும் 1970இலிருந்துதான் தொடங்குகின்றனர். திருவனந்தபுரம், வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், எலிப்பொறிக் கட்டு, துளைச்சுவர், 1990இன் பத்மஸ்ரீ என்று அப்பாடம் நகர்கிறது. அவர் பட்டம் பெற்றதோ 1937இல், இருபதாவது வயதில். பட்டத்துக்கும் புகழுக்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள் உள்ளன. அவற்றுள் கடைசி ஏழு ஆண்டுகள் வாகமண்ணில் கழிந்தன. படிப்பை முடித்த இளம் கட்டடக் கலைஞர் அடுத்து என்ன செய்வது, மேற்படிப்பா, அலுவலகமா, அரசு வேலையா என்ற கேள்விக்கு விடை தேடுவோர் அந்த முப்பத்துமூன்று ஆண்டுகளையே முதலில் படிக்க வேண்டும். தனியாக அல்ல, அவருடைய சமகாலத்தவர் மூவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தற்செயலாக அமைந்த வரிசை ஒன்று இதற்கு உதவுகிறது. ஹபீப் ரஹ்மான் கல்கத்தாவில் 1915இல் பிறந்தார். அச்யுத் கான்விந்தே 1916இல். பேக்கர் 1917இல். மினெட் டி சில்வா 1918இல், கண்டியில். நால்வரும் ஒரே தலைமுறையினர். நால்வரும் படிப்பை முடிக்கும் பருவத்தில், அல்லது முடிக்க முடியாமல் தவித்த பருவத்தில், இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. நால்வரும் வெவ்வேறு வழியில் திரும்பினர்.

முதல் இருவரின் கதை சுருக்கமானது. ஏனெனில் அது பின்னாளில் நூற்றுக்கணக்கான மாணவர்களின் கதையாயிற்று. ரஹ்மான் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலை பயின்று, முதுநிலைப் பட்டமும் பெற்று, வால்ட்டர் குரோப்பியஸ் உள்ளிட்டோரிடம் பணிபுரிந்து, 1946இல் நாடு திரும்பினார். பாரக்பூரில் அவர் வடிவமைத்த காந்தி காட் 1949இல் திறக்கப்பட்டது. அதைக் கண்டு மகிழ்ந்த நேருவின் விருப்பத்தால் அவர் டெல்லிக்கு வந்து மத்தியப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். கான்விந்தே பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். 1945இல் இந்திய அரசே அவரை ஹார்வர்டுக்கு அனுப்பியது; அங்கு அவர் குரோப்பியஸின் மாணவரானார். திரும்பியதும் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கட்டடக் கலைஞரானார். இந்த இருவருக்கும் மேற்படிப்பு தந்தது அறிவு மட்டுமன்று. பிறக்கவிருந்த ஒரு புதிய அரசு ஆய்வகங்களையும் அலுவலகங்களையும் குடியிருப்புகளையும் கட்டப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த அரசின் வாசலைத் திறக்கும் சாவியாக அமெரிக்கப் பட்டம் இருந்தது. முதுநிலைப் பட்டம் என்றால் என்ன என்பதற்கு இந்தியக் கட்டடக் கலை உலகம் இன்றுவரை வைத்திருக்கும் பொருளின் பெரும்பகுதி அந்த நாற்பதுகளில் உருவானதே.

மினெட் டி சில்வாவின் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை. தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் செல்வாக்குமிக்க அரசியல்வாதி. தாய் ஆக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். இலங்கையில் கட்டடக் கலை கற்க அன்று கல்லூரி இல்லை. எனவே மகள் பம்பாய்க்குச் சென்றார். மிஸ்திரி அண்ட் பேத்வார் என்ற அலுவலகத்தில் பயிற்சி பெற்றார், பின்னர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். காந்தியின் விடுதலையைக் கோரிய ஊர்வலத்தில் அனுமதியின்றிக் கலந்துகொண்டார் என்பதற்காகக் கல்லூரி அவரிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. அவர் எழுதித் தர மறுத்தார், வெளியேற்றப்பட்டார். பட்டமில்லாமல் பெங்களூர் சென்று, மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்த ஜெர்மானிய அகதி ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை பார்த்தார். போருக்குப் பின் லண்டனின் ஏ.ஏ. பள்ளியில் இடம் பெற்றார். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினராகத் தேர்வு பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

இங்கு ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ரஹ்மானுக்கும் கான்விந்தேவுக்கும் மேற்படிப்பு ஓர் ஏணி. மினெட்டுக்கு அது தப்பிக்க முடியாத சுங்கச்சாவடி. வேலை அவருக்குத் தெரிந்திருந்தது; பம்பாயிலும் பெங்களூரிலும் செய்துகாட்டியுமிருந்தார். ஆனால் லண்டன் முத்திரையின்றி அந்த வேலைக்குப் பெயர் கிடைத்திராது. ஊர் திரும்பி, கண்டியிலேயே அலுவலகம் நடத்தினார். கொழும்பில் இருந்திருந்தால் வாய்ப்புகள் கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. கருணாரத்ன வீட்டில் நவீன வடிவத்தோடு உள்ளூர்க் கைவினைஞரின் வேலைப்பாடுகளையும் இணைத்தார். 1950களின் இறுதியில் வட்டாபுளுவ குடியிருப்புத் திட்டத்துக்காக, குடியேறப் போகும் அரசு ஊழியர்களிடமே அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்து வீடுகளை வகைப்படுத்தினார். இப்போது எல்லாப் பாடத்திட்டங்களிலும் ‘பங்கேற்பு முறை’ என்று வழங்கும் வழிமுறை அது. அவருடைய பெயரோ நெடுங்காலம் பாடத்திட்டங்களில் இடம்பெறவில்லை. தன் வாழ்க்கை வரலாற்று நூலைத் தானே எழுதித் தொகுத்தார். அது வெளிவந்த 1998ஆம் ஆண்டிலேயே கண்டியில் காலமானார்.

பேக்கருக்கு வருவோம். அவர் பர்மிங்காமில் பட்டம் பெற்றதோடு கல்விக்கூடப் படிப்பை நிறுத்திக்கொண்டார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த குவேக்கர் என்பதால் மருத்துவ ஊர்திப் பிரிவில் சேர்ந்து சீனா சென்றார். மயக்க மருந்து கொடுப்பதற்குப் பயிற்சி பெற்றிருந்தார், தொழுநோயாளரிடையே பணியாற்றினார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருந்தபோதுதான் காந்தியைச் சந்தித்தார். 1945இல் தொழுநோயாளருக்கான கிறித்தவத் தொண்டு நிறுவனம் ஒன்றின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கு மீண்டும் வந்தார். அந்த வேலையின் தன்மை அசாதாரணமானது. தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் வந்துகொண்டிருந்த காலம் அது. நோயாளிகளை ஆயுள் முழுவதும் அடைத்துவைக்கக் கட்டப்பட்ட பழைய இல்லங்களை, குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மருந்து மாறினால் சுவர் மாற வேண்டும் என்பதை எந்த வடிவமைப்பு வகுப்பும் இவ்வளவு நேரடியாகக் கற்றுத்தந்திருக்காது.

1948இல் எலிசபெத்தை மணந்தபின் இருவரும் இமயமலையின் பித்தோராகட் பகுதியில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். அங்கு கட்டடமும் மருத்துவமும் பள்ளியும் ஒரே வேலையின் பகுதிகளாயின. பர்மிங்காமில் கற்ற பாடம் அங்கு உதவவில்லை என்பதைப் பேக்கரே பிற்காலத்தில் பலமுறை எழுதினார். கரையான், பருவமழை, கல், மண், சாணம் எதுவும் அந்தப் பாடநூல்களில் இல்லை. ஊரிலிருந்த கல்தச்சரும் மரத்தச்சரும் இவற்றை நன்றாக அறிந்திருந்தனர். சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்துக்கு அவர் அங்குதான் செயல்வடிவம் கண்டார். அதன்பின் வந்தது வாகமண். கருங்கல்லும் தேவதாருவும் உள்ள மலையிலிருந்து, நெடுமழையும் மூடுபனியும் உள்ள இன்னொரு மலைக்கு அவர் இறங்கிவந்தார். முந்தைய மலையின் விடைகள் இங்குச் செல்லவில்லை. விடை தேடும் முறை மட்டும் செல்லுபடியானது.

இந்த வாழ்க்கையை மேற்படிப்புக்கு எதிரான சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ‘பேக்கர் எந்த முதுநிலைப் படிப்பும் படிக்கவில்லை, களத்தில் இறங்கினார்’ என்று கருத்தரங்குகளில் சொல்லப்படும்போது மாணவர்கள் கைதட்டுகின்றனர். இந்த வாதம் மூன்று உண்மைகளை மறைக்கிறது. பேக்கரிடம் பேரரசின் தலைநாட்டுப் பட்டமும் கழக உறுப்பினர் தகுதியும் இருந்தன. கான்விந்தேவும் மினெட்டும் கடல்கடந்து தேட வேண்டியிருந்த முத்திரை அவருக்குப் பிறந்த ஊரிலேயே கிடைத்திருந்தது. அடுத்து, தொண்டு நிறுவனத்தின் வேலை என்ற அடித்தளம் அவருக்கு இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எலிசபெத் மருத்துவராக இருந்தது. பித்தோராகட்டிலும் வாகமண்ணிலும் அந்தக் குடும்பத்தை ஊர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் மருத்துவமனை. கட்டடக் கலை அங்கே துணைத்தொழில். இளம் கட்டடக் கலைஞர் ஒருவர் புகழைத் தேடாமல், அவசரமின்றி, கால் நூற்றாண்டு கற்றுக்கொண்டேயிருக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் அந்தக் காலத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். பேக்கரைப் பற்றிய நூல்களில் எலிசபெத்துக்குக் கிடைக்கும் இடம் இந்த உண்மைக்கு ஏற்றதாக இல்லை.

பால்கிருஷ்ண தோஷியையும் இங்கு நினைக்கலாம். ஜே.ஜே. கலைப்பள்ளிப் படிப்பை முடிக்காமல் ஐரோப்பா சென்ற அவர், பாரிஸில் லெ கார்புசியேவின் அலுவலகத்தில் முதல் எட்டு மாதங்கள் ஊதியமின்றி வேலை செய்தார். 2018இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது இச்செய்தி வியப்புடன் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. எட்டு மாதங்கள் ஊதியமில்லாமல் பாரிஸில் உண்டு உறங்க யாரால் முடியும் என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை.

சொற்களின் வரலாறு இங்கு எதிர்பாராத ஒளி தருகிறது. கட்டுமானத் தளத்தில் கொத்தனார்களுக்குத் தலைமை தாங்குபவரைத் தமிழரும் மலையாளிகளும் மேஸ்திரி என்கின்றனர். இது போர்த்துக்கீசிய ‘மெஸ்த்ரெ’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலம் இலத்தீனின் ‘மாகிஸ்தெர்’. முதுநிலைப் பட்டத்தைக் குறிக்கும் ‘மாஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே மூலம். மினெட் பயிற்சி பெற்ற பம்பாய் அலுவலகத்தின் பெயரிலுள்ள ‘மிஸ்திரி’யும் இதே குடும்பத்துச் சொல். ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் சொல்லின் பின்பாதியான கிரேக்க ‘தெக்தோன்’, வடமொழியின் ‘தக்ஷன்’ என்பதோடு உறவுடையது. தமிழ், மலையாளத்தின் ‘தச்சன்’ அதன்வழி வந்ததாகவே பெரும்பாலான அறிஞர் கொள்வர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆர்க்கிடெக்ட் என்பவர் பெருந்தச்சன். கேரளத்தில் பெருந்தச்சன் கதை அறியாதவர் இல்லை. தன்னை விஞ்சிய மகன் கீழே வேலை செய்துகொண்டிருக்கையில், மேலேயிருந்த தந்தையின் கையிலிருந்து உளி நழுவி விழுகிறது. குருவே முதலாளியாகவும் தந்தையாகவும் போட்டியாளராகவும் இருக்கும் பயிற்சிமுறையின் ஆபத்தை அந்தக் கதை அறிந்திருக்கிறது. கல்லூரி என்ற ஏற்பாடு வகுப்பறையையும் வேலைத்தளத்தையும் பிரித்தது. அதனால் உளி விழும் ஆபத்து குறைந்தது. மகன் உளியைப் பிடிப்பதும் குறைந்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு ஒரே ஆண்டில் இரு நிறுவனங்களாக நிலைபெற்றது. 1957இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கிண்டியில் கட்டடக் கலைத் துறை தொடங்கியது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. அதே 1957இல் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி தொடங்கியது. முன்னது ஆர்க்கிடெக்ட்டுகளை உருவாக்கியது; பின்னது ஸ்தபதிகளை. மாமல்லபுரத்துக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய கணபதி ஸ்தபதி, கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றபின் குலத்தொழிலுக்குத் திரும்பியவர். கன்னியாகுமரியின் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. கேரளத்தில், திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் கட்டடக் கலைப் பட்டப்படிப்பு 1964இல் தொடங்கியது. பேக்கர் வாகமண்ணுக்கு வந்த அடுத்த ஆண்டு அது.

1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம் இந்தப் பிரிவுக்குப் பூட்டுப் போட்டது. பதிவுபெற்றவர் தவிர வேறெவரும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைப் பயன்படுத்த முடியாது என்று அதன் 37ஆம் பிரிவு கூறுகிறது. இது பெயருக்கான தடையே அன்றித் தொழிலுக்கான தடையன்று என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. பேக்கரின் தளங்களில் அவரோடு பல்லாண்டு உழைத்த மேஸ்திரிகள் எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை நிறுத்திவைத்து, ஏறத்தாழக் கால்பங்கு கல்லை மிச்சப்படுத்தக் கற்றிருந்தனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் கற்றது கல்வியாகாது.

1985இல் பேக்கரும், முன்னாள் முதல்வர் சி. அச்சுதமேனனும், பொருளியல் அறிஞர் கே.என். ராஜும், டி.ஆர். சந்திரதத்தும் இணைந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினர். அதற்குள் பேக்கரின் வேலைத்தளங்களே எழுதப்படாத முதுநிலைப் பள்ளியாகிவிட்டிருந்தன. ஆயினும் அங்கிருந்து கிளம்பியவர்களும் அவ்வழியைப் பின்பற்றியவர்களும் பட்டத்தை விட்டுவிடவில்லை. குடிசார் பொறியாளரான பென்னி குரியாகோஸ் பேக்கரிடம் பணிபுரிந்தபின் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் மரபுக் கட்டடப் பாதுகாப்பைப் பயின்றார். 1987இல் ஹாபிட்டாட் குழுமத்தைத் தொடங்கிய ஜி. சங்கர், திருவனந்தபுரத்தில் படித்தபின் மேற்படிப்புக்குச் சென்றது பர்மிங்காமுக்கு! பேக்கர் விட்டுவந்த ஊருக்கே, பேக்கரின் வழியில் வீடு கட்டவிருந்த ஒருவர் படிக்கச் சென்றார். இதில் முரண் ஏதுமில்லை. இந்தியப் பட்டதாரி ஒருவருக்கு, மண்ணால் கட்ட வேண்டும் என்று சொல்வதற்கே ஒரு வெளிநாட்டுப் பட்டத்தின் பக்கபலம் தேவைப்பட்ட காலம் அது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் நடுவே, வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள மலைகளில் மிகுதியாகக் கட்டப்பட்ட குடியிருப்பு வடிவத்தை எந்தக் கட்டடக் கலைஞரின் பெயரோடும் இணைக்க முடியாது. அதுதான் லயம். தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வரிசை வீடு. நீண்ட ஒரே கூரை, பொதுச்சுவர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓரிரு சிற்றறைகள். இலங்கைத் தமிழில் ‘லயன்’, பீருமேட்டிலும் மூணாற்றிலும் ‘லயம்’. ‘வரிசை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் ஏறிய விதம் அது. குதிரை கட்டும் ‘லாய’த்தின் ஒலியும் அதில் சேர்ந்தே கேட்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வழங்குவதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். ஆகவே குடியிருப்பவர் சுவரை மாற்றவோ அறையைக் கூட்டவோ முடியாது. மினெட் வட்டாபுளுவவில் கேட்ட கேள்வியை, உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதை, லயத்தில் வாழ்பவரிடம் கேட்கும் இடத்தில் சட்டம் யாரையும் வைக்கவில்லை. கண்டி மலைகளிலும் நிலைமை இதுவே. அவர் வீடு கட்டியது அரசு ஊழியர்களுக்கு; அதே மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் லயன்களில் இருந்தனர்.

லயத்தில் வளரும் ஒரு மாணவர் இன்று கட்டடக் கலை படிக்க விரும்பினால், நுழைவுத் தேர்வும் ஐந்தாண்டுப் படிப்பும் முன்னிற்கின்றன. வரைபொருள்களுக்கும் மாதிரிகளுக்கும் ஆகும் செலவு கட்டணத்துக்கு வெளியே நிற்கிறது. படிப்பின் பகுதியான பயிற்சிக் காலத்தை ஏதேனும் நகரத்து அலுவலகத்தில் கழிக்க வேண்டும். அங்குக் கிடைக்கும் உதவித்தொகை வாடகைக்கே போதாமற்போவது வழக்கம். தோஷியின் எட்டு மாதங்கள் சிறிய அளவில் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. இதைக் கடந்து முதுநிலைக்குச் செல்பவர் எதை ஆய்வுப் பொருளாகத் தேர்கிறார் என்பது தனியே ஆராயத்தக்கது. கோயில், செட்டிநாட்டு வீடு, நாலுகெட்டு, காலனியப் பங்களா ஆகியவற்றைப் பற்றி ஆய்வேடுகள் குவிந்துகிடக்கின்றன.

1970இல் பேக்கர் குடும்பம் வாகமண்ணிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. அடுத்த முப்பத்தேழு ஆண்டுகள், 2007 ஏப்ரல் 1இல் காலமாகும்வரை, அவர் அந்நகரிலேயே வாழ்ந்தார். அவருடைய கைப்பட்ட பணிகளுள் ஒன்று சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிறது. தட்சிணசித்ரா வளாகத்துக்கு அவர் தொடக்க வடிவம் தந்தார். பென்னி குரியாகோஸ் அதைத் தொடர்ந்து கட்டினார். 1996இல் அது திறக்கப்பட்டது. இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து அங்கே மீண்டும் நிறுவியிருக்கின்றனர். ஆண்டுதோறும் கட்டடக் கலை மாணவர்கள் அங்கு வந்து அளந்து வரைந்து செல்கின்றனர். சிரியன் கிறித்தவர் வீடு இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு இருக்கின்றன. தோட்டத்து லயம் அங்கு இல்லை.